அசையாத டீ

கும்மிடிப்பூண்டிப் பட்டறையின் சாய்தள உச்சியில், தானே பாகம் பாகமாகப் பூட்டிய மோட்டார் சக்கர நாற்காலியில் கமர் நிஷா உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தளும்பத் தளும்ப ஒரு தம்ளர் டீ. போன மாதம் வாட்ச்மேன் அன்புராஜ் பக்கத்தில் நின்று வாக்கிடாக்கியை அமுக்க, அதன் அலை பட்டு இதே நாற்காலி தானாகப் பாய்ந்து அவளைக் கீழே உருட்டிவிட்டது. அதன் பிறகு ஜாய்ஸ்டிக்கின் ஒயர்களுக்கெல்லாம் அலை உள்ளே புகாதபடி அவளே செம்புவலைச் சட்டை மாட்டியிருக்கிறாள். பத்து நாற்காலி வாங்கப் பழவேற்காட்டிலிருந்து வந்திருக்கும் அஸ்கர் அலியோ, செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காத ஆள்.

“சுச்ச அணைச்சி வெச்சிக்கினு எனக்கே படம் காட்றியாம்மா?”

“பச்ச லைட்டு எரியுது பாருங்க மாமு. அன்பண்ணே, அமுக்குங்க.”

அன்புராஜ் வாக்கிடாக்கியை ஜாய்ஸ்டிக்கை ஒட்டிப் பிடித்து அமுக்குகிறார். மேசைமேல் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோ கர்ரென்று பாட்டை விழுங்குகிறது. டீயின் மேல் விழுந்த மாலை வெயில் வட்டமாக, சுருக்கமில்லாமல் கிடக்கிறது.

“இன்னொரு தபா,” என்கிறார் அஸ்கர் அலி. பிறகு இன்னொரு தபா. ஏழாவது தபாவில் வாக்கிடாக்கி கீச்சென்று கத்தி அடங்குகிறது.

“பாய், பேட்டரியே பூட்ச்சு!”

கமர் நிஷா டீயை நிதானமாகக் குடித்துவிட்டு, காலித் தம்ளரை அஸ்கர் அலியின் கையில் கொடுக்கிறாள். ஒற்றை விரலால் ஜாய்ஸ்டிக்கைத் தொட, நாற்காலி பூனைபோல வட்டமடித்துத் திரும்புகிறது.

“நான் சொன்னாத்தான் நகரும், மாமு.”