ஆளில்லாத காமிக்ஸ்

என் காமிக்ஸின் முப்பது பிரதியையும் ஒரே ஆள் வாங்கிப் போயிருந்தார்.

"ஒரு அம்மா வந்தாங்க சார். மொத்தத்தையும் பையில வாரிப் போட்டுக்கிட்டாங்க. எதுக்கு இவ்ளோன்னு கேட்டேன், முறைச்சாங்க" என்றார் ஸ்டேஷனரிக் கடைக்காரர்.

முறைத்தார் என்றதுமே தெரிந்துவிட்டது. என் அக்காதான்.

என் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

சின்ன வயதில் நான் தெருமுனையில் சர்பத் கடை போட்டபோது, ஏழு டம்ளரையும் அவளே வாங்கிக் குடித்தாள். வீட்டுக்கு வந்து ஒரே வாந்தி. தம்பி கடை போணியாகவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம்.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. போணியாகாவிட்டால்தான் என்ன? யாராவது ஒருத்தர், முன்னே பின்னே தெரியாதவர், படித்துவிட்டு "பரவாயில்லையே" என்று சொல்வாரா என்று பார்க்கத்தானே கடையில் வைத்தேன்.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி.

அக்கா அத்தானின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மேஜைக்கு அடியில் என் புத்தகங்கள், கட்டுக் கட்டாக.

"பாவம் பாத்து வாங்கினியா?" என்றேன்.

அவள் காலரையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புத்தகத்தில் ஆளே கிடையாது. எனக்கு ஆள் வரைய வரவில்லை. மூக்கு போட்டால் கத்திரிக்காய், கை போட்டால் வாழைச் சீப்பு. அதனால் எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு கதவையும் அதற்கு முன்னால் கிடக்கிற செருப்பையும் வரைந்தேன். பேச்சு மட்டும் மூடின கதவுக்குள்ளிருந்து பலூனில் வரும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பதினாறு பக்கம். ஜெராக்ஸ் கடையில் பிரதி போட்டு நானே ஸ்டேப்ளர் அடித்தேன்.

முதல் பக்கத்துச் செருப்பு படகு மாதிரி இருக்கும். போகப் போகக் கை பழகிவிட்டது. செல்போனில் பார்த்த ஒரு பாடத்தில் சொன்னார்கள்: அது என்ன பொருள், யாருடையது என்றெல்லாம் யோசிக்காதே, கோட்டை மட்டும் பார். அப்படியே பார்த்தேன்.

அடித்ததில் முதல் பிரதியைப் போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம்தான் கொடுத்தேன். அத்தான் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், செருப்புக் கடை வைக்கப் போறியா?" என்று சிரித்தார். அக்கா உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஒரு பிரதியை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தாள்.

"இதை எங்கடா பாத்து வரைஞ்சே?"

என் கோபமெல்லாம் போய்விட்டது. எனக்கே பிடித்த பக்கம் அதுதான். மூன்றாம் மாடி, தனியாக இருக்கிற டியூஷன் டீச்சர் வீட்டுக் கதவு. வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. உள்ளேயிருந்து "மெதுவா பேசுங்க" என்று ஒரு பலூன். அது நானாக, சும்மா சிரிப்புக்கு எழுதியது.

"நேர்ல பாத்துத்தான்! எனக்கு வார லீவை புதன்கிழமைக்கு மாத்திட்டாங்க. இதுக்காகவே யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன். நாலு புதன், அந்த ஒரு ஜோடியையே உக்காந்து வரைஞ்சேன். ஒரு கோடுகூட கற்பனை இல்லக்கா."

இடது குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்ததைக் காட்டினேன். அறுந்த வாரை யாரோ வீட்டிலேயே தைத்திருந்ததைக் காட்டினேன். ஏழு தையல். ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினேன்.

ஆறாவது தையலில் என் விரல் நின்றது.

என் பள்ளிக்கூடப் பையிலிருந்து எல்லாக் கிழிசலையும் தைத்துக் கொடுத்தவள் அவள். அந்தக் குறுக்குத் தையல் எனக்குத் தெரியும்.

மேஜையில் கிடந்த சட்டையைப் பார்த்தேன். சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இல்லக்கா... சும்மா பீத்திக்கிட்டேன். எனக்கு எங்க நேர்ல பாத்து வரைய வருது? உன் வாசல்ல கிடந்த அத்தான் செருப்பைத்தான் போட்டோ எடுத்து, அதுமேல தாளை வெச்சு இழுத்தேன். அந்தப் பக்கம் காலியா இருந்துச்சு, கொண்டுபோய் ஒட்டிட்டேன். டீச்சர் வீட்டு முன்னாடி ஒண்ணுமே கிடையாது. நான் ஒரு ஃபிராடு."

அக்கா பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா வரைஞ்சிருக்கேடா" என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பிரதி போட்டேன்.

சட்டையை மடித்து வைத்தாள். அத்தானின் இன்னொரு சட்டையை எடுத்து விரித்தாள். தண்ணீர் தெளித்தாள்.

"புதன்கிழமை எத்தனை மணிக்கு?"