பதினோரு விநாடி

காலை ஐந்தரைக்கு இளங்கோ பால் காய்ச்சினான். ஆறு மணிக்கு மகள் ஆஷாவை எழுப்பினான். பிறகு மனைவி விஜயராணியின் போனில் இருந்த அவளுடைய பதினோரு விநாடிக் குரல்பதிவைக் கேட்டான். முழுக்க ஸ்பானிஷ். அவளுடைய பனியன் கம்பெனியில் சரக்கு வாங்கும் ஸ்பெயின் பையர் கார்மனுக்கு அவள் அனுப்பியது. அவனுக்குப் புரிந்த ஒரே சொல் அவன் பெயர். தமிழில் அவள் அதைச் சொன்னதே இல்லை.

தங்கை மைதிலி ஆஷாவின் பயணப் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தாள். “ஏனுங்கண்ணா, ஸ்பானிஷ் படிக்கப் பதினஞ்சு வயசுப் புள்ளைய லீவு பூரா ஸ்பெயினுக்கா அனுப்புவாங்க? அதுவும் யாரோ ஒருத்தி ஊட்டுல?”

“யாரோ இல்ல. கார்மன் ஊடு.”

“போன்லயே படிக்கலாமுங்களே!”

“அத்தை, கெடுத்துறாதீங்க,” என்றாள் ஆஷா. “நாம தெச்ச பனியனை அங்க யாரு போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு வர்றேன்.”

ஸ்பெயின் போன நான்காம் வாரம் ஆஷா போனில் கூப்பிட்டாள். “அப்பா, அம்மா பேசுனது புரிஞ்சிருச்சுங்க.”

இளங்கோ உட்கார்ந்துகொண்டான். இரண்டு வருடங்களுக்கு முன், அவன் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிய காலையில் அவள் பேசியது அது. அரை மணி நேரம் கழித்து, கம்பெனிக்குப் போகும் வழியில் காங்கேயம் ரோட்டில் அவள் வண்டி மீது லாரி மோதியது. அவள் வீடு திரும்பவில்லை. தன்னைப் பற்றி என்ன புகார் சொன்னாளோ என்று பயந்து, அதன் அர்த்தத்தை அவன் யாரிடமும் கேட்கவில்லை. மகள் சொன்னால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

“சொல்லு கண்ணு.”

“‘சாம்பிள் நாளைக்கு அனுப்பறேன், கார்மன். இன்னைக்கு நேரமே ஊட்டுக்குத் திரும்பணும். இளங்கோ கோவமா போயிருக்காரு. இனிப்பா ஏதாச்சும் சுட்டு வெச்சா சிரிச்சுருவாரு.’”