பூங்காப் பிரிவு பிரிண்டர்

பூங்காப் பிரிவின் பிரிண்டர் முன்னால் கலோயான் மண்டிபோட்டிருந்தான்.

உள்ளே ஒரு தாள் சிக்கியிருந்தது. சிக்க வைத்ததே அவன்தான். அறையில் வேறு யாருக்கும் அது தெரியாது.

நகராட்சியின் எல்லாப் பிரிண்டர்களும் மேல்மாடியில், கணினிப் பிரிவில், அவன் திரையில் தெரியும். எது ஓடுகிறது, எது சும்மா கிடக்கிறது, எல்லாம். காலையில் இது ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப அச்சடிக்கத் தொடங்கியதும் அவனுக்கு ஒரே குஷி. அலுவலகப் பிரிண்டரில் சொந்த வேலை பார்க்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியவனாயிற்றே. இருந்த இடத்திலிருந்தே இதை அணைத்தான். ஓடிக்கொண்டிருந்த தாள் பாதி வழியில் நின்றுபோனது.

பூங்காப் பிரிவு வெனெத்தா விதிப்படி புகார் பதிந்தாள். பிரிண்டர் நின்றுவிட்டது, பன்னிரண்டு மணிக்குள் அவசியம் வேண்டும்.

வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். கையும் களவுமாகப் பிடிக்கிற சுகத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் தானே இறங்கி வந்தான்.

முன்பெல்லாம் புகார் பதிகிற பேச்சே கிடையாது. ஸ்தாமென் அண்ணன் கணினிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவரை ஒரு குரல் கொடுத்தால் போதும், படியிறங்கி வந்துவிடுவார். அவருக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. எதுவானாலும் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவார். சரியாகவில்லை என்றால் வெனெத்தா வீட்டிலிருந்து சுட்டுக் கொண்டுவந்த பானித்ஸா அடையைத் தின்றுகொண்டே யோசிப்பார். அவருடைய நாற்காலிக்குக் கலோயான் வந்தான். கூடவே ஒழுங்கும் வந்தது.

தாளை மெல்ல இழுத்தான். மேல் பாதி வந்தது. கீழ்ப் பாதி உருளையில் மாட்டிக் கந்தலாக உதிர்ந்தது.

கறுப்புக் கரை, ஒரு சிலுவை, மை இழுவி மடிந்துபோன ஒரு முகம். அஞ்சலி நோட்டீஸ்.

இந்த ஊரில் அது இல்லாத சுவரோ பஸ் நிறுத்தமோ கிடையாது. இறந்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, அரை வருடம் முடிந்ததும் ஒன்று. குடும்பத்தார் தனியாக ஒட்டுவார்கள், வேலை பார்த்த இடத்தார் தனியாக ஒட்டுவார்கள்.

கலோயான் எழுந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"பூங்காப் பிரிவுன்னுல்ல நெனச்சேன். சாவு நோட்டீஸ் அச்சகம்னு வாசல்ல ஒரு போர்டு மாட்டிடலாமா, வெனெத்தா அக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர்கள் இருவரும் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காப்பி குடிக்க வந்திருந்த தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வெனெத்தா அந்தப் பாதித் தாளை அவன் கையிலிருந்து வாங்கினாள். மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினாள்.

"சீக்கிரம் சரிபண்ணிக் குடுங்க சார். பன்னெண்டு மணிக்கு அவரு சம்சாரம் கோதுமை கொண்டாந்துடுவாங்க."

செத்தவர் பெயரில் சர்க்கரை தூவிக் கொடுக்கும் அவித்த கோதுமை. யார் சம்சாரம் என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் மடிப்பு விரிந்து முகம் தெரிந்துவிட்டது.

ஸ்தாமென் அண்ணன்.

கலோயானுக்குக் காது மடல் சுட்டது. ஒரே அறை, எதிரெதிர் மேசை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரைத் தாங்கியவன் அவன். பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். நாற்பதாம் நாள் நோட்டீஸைத் தன் கையால் ஒட்டியவன். அரை வருடம் ஆகிவிட்டது என்பது அவனுக்கு நினைவே இல்லை. அவன் பிரிவில் ஒருவருக்கும் இல்லை.

"நாங்களும் இன்னிக்கு ஒட்டலாம்னுதான் இருந்தோம்" என்றான்.

சொல்லி முடிப்பதற்குள் தன்மேலேயே அருவருப்பு வந்தது. இந்த வயதில், இத்தனை பேர் முன்னால், இப்படி ஒரு பொய். வெனெத்தா நிமிர்ந்து பார்க்காமல், தெரியும் சார் என்று மட்டும் சொன்னாள்.

மறுபடி மண்டிபோட்டான். உருளையில் ஒட்டியிருந்த துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தான். மேலே போன் செய்து, இந்தப் பிரிண்டரைத் திரும்ப ஓடவிடச் சொன்னான். ஏன் என்று கேட்பதற்குள் போனை வைத்தான்.

பிரிண்டர் ஓடியது. தாள்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து விழுந்தன. ஒட்டுவதற்குத் தானும் வருகிறேன் என்றான். வெனெத்தா, முதலில் கையைக் கழுவிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, தாள்களைக் கவிழ்ந்தபடியே வாரி மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மை சுலபத்தில் போகவில்லை. அவன் வாசலுக்கு வந்தபோது கண்ணாடிக் கதவில் நோட்டீஸ் ஏறியிருந்தது. அந்த முகத்தைப் பார்க்கக் கூசி, தெருவைப் பார்த்து நின்றான்.

ஸ்தாமெனின் மனைவி தட்டோடு படியேறி வந்தாள். கதவின் முன் நின்று நோட்டீஸை மேலிருந்து கீழாகப் படித்தாள். பிறகு வெனெத்தாவைத் தாண்டி, தோட்டக்காரரைத் தாண்டி, நேரே அவனிடம் வந்து முதல் கிண்ணத்தைக் கொடுத்தாள். வாங்குகிறவர்கள் சொல்லவேண்டியதை அவன் சொன்னான், கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று. ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டான்.

அவள் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து பூரா உங்க ஆளுங்களத்தான் திட்டிக்கிட்டிருந்தேன் தம்பி. மறந்திருப்பாங்கன்னு நெனச்சுட்டேன். என்னை மன்னிச்சுடுப்பா."

அவனுக்குப் புரியவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்தான்.

படம், பெயர், நாலு வரி. எல்லாவற்றுக்கும் அடியில், அந்தக் கிழிந்த தாளில் அவன் பார்க்காத இடத்தில், தடித்த எழுத்தில் இருந்தது: உங்களை மறவாத கணினிப் பிரிவுத் தோழர்கள்.

கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி, அதை அச்சடித்த வெனெத்தாவைப் பார்த்தான்.

வெனெத்தா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஏற்கெனவே ஒட்டியிருந்த மூலையில் இன்னொரு துண்டு டேப்பை ஒட்டி விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.