ஆந்தையும் கேமராவும்

“ஷட்டரை இறக்குங்கப்பா! ஒரு சாண் மட்டும் விட்டாப் போதும்,” என்றார் முதலாளி. “இருட்டுல இந்தப் புது கேமராவுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா, நம்ம ஆந்தைக்குத் தெரியுதான்னு இன்னிக்குப் பார்த்துடலாம்.”

கேமரா விற்க வந்த பெண் பெட்டியைத் திறந்து கேமராவை வெளியே எடுத்தாள். மூன்று மாதமாக ஒன்றுகூட விற்கவில்லை. ‘இன்னிக்கும் வெறுங்கையோட வந்தா நாளைக்கு வேலைக்கே வராதே’ என்று மேலாளர் காலையில்தான் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

துணி மூட்டைகளைக் கூரை வரை அடுக்கிய கிடங்கு அது. ஜன்னல் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. பட்டப்பகலிலும் விளக்கை அணைத்தால் அரை இருட்டுதான். பக்கத்தில் நிற்கிற ஆள் நிழலாகத் தெரிவார், பத்தடி தள்ளிப் போனால் அதுவும் இல்லை.

அங்கே பதினெட்டு வருடமாக ராத்திரிக் காவல் பார்க்கிறவர்தான் ஆந்தை. ஒரு முழத் துணி களவு போனதில்லை. டார்ச் லைட்டைக் கையால் தொடமாட்டார். வருவது யார் என்று செருப்புச் சத்தத்தை வைத்தே, திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிடுவார். தூணுக்குத் தூண் தடியால் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே நடப்பார். திருடனுக்குப் பயம் வரவேண்டுமாம். பெற்றவர்கள் வைத்த பெயரை எல்லாரும் மறந்தே போய்விட்டார்கள்.

“இந்த விளையாட்டெல்லாம் எதுக்கு முதலாளி? அதான் நான் இருக்கேனே!” ஆந்தை நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“ஏன்யா இப்பவே உனக்கு வேர்க்குது? நீ ஜெயிச்சா நீயே இரு. கேமரா ஜெயிச்சா நாலு கிடங்குக்கும் நாலு வாங்கி மாட்டிடறேன். அப்புறம் ராத்திரிக்கு ஆளே வேணாம்.”

முதலாளி எதையும் மென்று முழுங்குகிறவர் இல்லை. ஆந்தையின் முகம் செத்துப்போயிற்று. ஐம்பத்தாறு வயதில் இனிமேல் யார் வேலை கொடுப்பார்கள்?

பரீட்சை சுலபமானதுதான். கிடங்கின் நடுப்பாதையில் பன்னிரண்டு தூண்கள். மூட்டை தூக்குகிறவர் ஏதாவது ஒரு தூணோரம் போய் நிற்பார். அவர் ஆந்தையின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. ஆந்தை அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்குள் அந்தப் பெண் கேமராவில் பார்த்து, எத்தனையாவது தூண் என்று கத்திவிட்டால் கேமராவுக்கு வெற்றி.

“மச்சான், நல்லா ஒளிஞ்சுக்கடா. விட்டுக்குடுத்தேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.” ஆந்தை சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“நான் எதுக்கு மாமா விட்டுக்குடுக்கணும்? உன் கண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா?” என்று தோளைத் தட்டிவிட்டு மச்சான் உள்ளே போனார்.

விளக்குகள் அணைந்தன. மற்றவர்கள் ஷட்டருக்கு வெளியே நின்றார்கள். பாதையின் கோடியில் கேமராவை நிறுத்தி, அதன் திரையோடு சேர்த்துத் தன் தலையையும் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டாள் அவள். இவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் இந்தக் கேமரா என்ன செய்யும் என்று அவளுக்கே தெரியாது. கடவுளே, காப்பாத்து!

டக். ஆந்தையின் தடி முதல் தூணைத் தட்டியது. டக். இரண்டாவது.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்தாள். பிறகு மெல்ல மூடிக்கொண்டாள்.

“என்னம்மா, ஏதாவது தெரியுதா இல்லையா?” முதலாளி வெளியிலிருந்து கத்தினார். “ஒரு நிமிஷம் ஆச்சு!”

டக், டக் என்று தடி பன்னிரண்டாவது தூண் வரை போயிற்று. பிறகு மெல்லத் திரும்பி வந்தது. நடுவில் ஓரிடத்தில் நின்றது.

“புடிச்சுட்டேன்! முதலாளி, புடிச்சுட்டேன்!”

ஷட்டர் ஏறியது. ஏழாவது தூணோரம் மச்சானின் தோளை இறுகப் பிடித்தபடி ஆந்தை நின்றிருந்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

“யப்பா! மாமா கண்ணு கண்ணுதான்!” மச்சானின் சத்தம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது. “மூச்சுகூட விடாம நின்னேன், அப்பவும் புடிச்சுட்டாரே!”

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, வாயே திறக்கலை?”

“ஒண்ணுமே தெரியலை சார். ஒரே கறுப்பு. இது இருட்டுல வேலைக்கு ஆகாது.”

“இதுக்கா இவ்வளவு பில்டப்பு? எடுத்துட்டுக் கிளம்பும்மா.”

வாசலில் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஆந்தை வந்தார். அவர் முகத்தில் உயிர் திரும்பியிருந்தது.

“மனசு விட்டுடாதேம்மா. அடுத்த தடவை இருட்டுல நல்லாத் தெரியற கேமராவாப் பார்த்து எடுத்துட்டு வா.”

“சரிங்கய்யா.” அவள் பெட்டியின் வாரை இழுத்துக் கட்டினாள். நாளைக்கு மேலாளரிடம் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் போனதும், பதிவானதை அழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்தாள்.

படம் கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் தூணிலிருந்தே ஆந்தை ஒரு கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டுதான் நடக்கிறார். ஏழாவது தூணோரம் நிற்கிற மச்சானை ஆந்தை உரசாத குறையாகத் தாண்டிப் போகிறார். திரும்பி வந்து அவருக்கு நேர் எதிரே நிற்கிறார். அகலத் திறந்த அந்தக் கண்களுக்கு முன்னால் மச்சான் கையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார், இமை அசையவில்லை. ஒரு கணம் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மச்சான், காற்றைத் துழாவிக்கொண்டிருந்த ஆந்தையின் கையை மெல்ல எடுத்துத் தன் தோளில் வைக்கிறார். பிறகு கேமரா இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிடுகிறார்.