துடுப்பைக் கடித்தவர்

ஆதம்பாவா துடுப்பின் பிடியைப் பல்லால் கவ்விக்கொண்டார்.

துடுப்பின் மறுமுனை கடலுக்குள் இருந்தது. நடுப்பகுதி தோணியின் விளிம்பில் அழுந்திக்கிடந்தது.

தோணிக்காரன் மக்கீன் தலையில் கைவைத்தான்.

ஆதம்பாவா அவன் மனைவி சுபைறாவின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன். ஒரு காலத்தில் துடுப்பில் காதை வைத்து, தண்ணீருக்கடியில் பாரை மீன் கூட்டம் உறுமுவதைக் கேட்டு, வலை போட இடம் காட்டியவர். ஏழு வருடத்துக்கு முன் இரண்டு காதிலும் சீழ் வைத்துச் செவிடானதோடு அது போயிற்று.

இன்றும் மீன் காட்டாவிட்டால் அவர் கரையிலேயே நிற்க வேண்டியதுதான் என்று தோணியின் மற்ற மூவரும் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

"எங்கட காக்காவ எறக்கினா, நீங்களும் வீட்டுக்கு வரத் தேவல்ல" என்று சுபைறாவும் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"காக்கா, அது கரும்பில்ல, துடுப்பு!" என்றான் நூஹு.

தோணி சிரிப்பில் குலுங்கியது. கபூர் பலகையில் அடித்து அடித்துச் சிரித்தான். ஷரிபுதீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலைமேல் சரிந்தான்.

ஆதம்பாவாவின் கண்கள் அகன்றன. இன்னும் அழுத்திக் கடித்தார். தாடியில் எச்சில் வழிந்தது. சிரிப்பு இரண்டு மடங்கானது.

சிரித்துக் களைத்து அவர்கள் ஓய்ந்ததும், அவர் அவசர அவசரமாகக் கையைத் தூக்கி ஆட்டினார்.

மக்கீன் அல்லாஹ்வை நினைத்துக்கொண்டு, "போடுங்கடா வலைய" என்றான்.

இழுக்க நான்கு பேர் போதவில்லை. ஆதம்பாவாவும் துடுப்பை விட்டுவிட்டு வந்து கைகொடுத்தார். தோணிக்குள் கால்வைக்க இடமில்லாமல் பாரை துள்ளியது. நூஹு அவர் கையைப் பிடித்துக் கொஞ்சினான். நாளைக்கும் வரவேண்டும் என்று சைகை காட்டினான்.

கரையில் மக்கீன் மச்சானைத் தனியே இழுத்துப்போனான். மீனைப்போலக் கையை நெளித்து, காதைத் தொட்டு, கேட்டதா என்று சைகையால் கேட்டான்.

"மீனா? மீன்ட சத்தம் ஒண்டும் கேக்கல்ல. இவனுகள் சிரிச்சதுதான் பல்லுக்குள்ளால கேட்டிச்சி. ஏழு வருசத்துக்குப் புறகு! டக்கெண்டு நிப்பாட்டிப் போட்டானுகள். இன்னும் கொஞ்சம் சிரிங்கடா எண்டுதான் கையக் காட்டின."

செவிடரின் குரல் கரை முழுக்கக் கேட்கும். மக்கீன் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினான்.

அவர் அந்தக் கையை விலக்கினார்.

"உன்ட சிரிப்புத்தான் மச்சான் கேக்கல்ல."

மறுநாள் ஆதம்பாவா துடுப்பைக் கவ்வியதும் முதலில் சிரித்தவன் மக்கீன். யாரும் வேடிக்கையாக எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஏன் சிரிக்கிறான் என்று மற்ற மூவருக்கும் விளங்கவில்லை.