நாளைக்குரிய கட்டம்

தையல்காரிக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. தினமும் மதியம் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுப்பாள். வயிற்றுக்குள் உதை விழ விழ, துணி வெட்டும் மேஜையின் பக்கப்பலகையில் நீலச் சாக்பீஸால் ஒவ்வொரு கோடாகப் போடுவாள். நாளுக்கு ஒரு கட்டம். இரண்டு மணி நேரத்தில் பத்துக் கோடு தேறாவிட்டால் உடனே கிளம்பி வரவேண்டும் என்று நர்ஸ் கறாராகச் சொல்லியிருந்தாள்.

அன்று மூன்றுதான் தேறியது. பக்கத்தில் நாளைக்குரிய கட்டத்தில் கோணல்மாணலாக ஒரு பூஜ்யம் இருந்தது. படுக்கும்போது அது இல்லை. சாக்பீஸை அவள் கையிலிருந்து கீழே வைக்கவேயில்லை.

"குழந்தை தூங்குதும்மா. இனிப்பா ஏதாவது சாப்பிடு, தானா குதிக்கும்," என்றாள் மாமியார்.

"நாளைக்கு லீவு போடறேன், சேர்ந்தே போகலாம்," என்றான் கணவன் போனில்.

"நீங்க நாளைக்கே போடுங்க. நான் இப்பவே போறேன்."

பாதி தைத்த சட்டை மெஷினிலேயே கிடந்தது. மாமியார் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்த டாக்டர் உடனே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன் முடிந்தது. பெண் குழந்தை. அத்தனை சின்ன உடம்பு ஊரையே கூட்டுவதுபோல அழுதது.

"நாளைக்கு வந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது," என்றார் டாக்டர்.

நர்ஸ் குழந்தையைத் துடைத்தபடியே கொண்டுவந்து காட்டினாள்.

"எல்லாம் நல்லா இருக்கு. இந்த ரெண்டு விரல்ல மட்டும் ஏதோ நீலத் தூள். துணியில ஒட்டுது, விரலை விட்டுத்தான் போக மாட்டேங்குது."