பதினைந்து நொடிக் கதவு

கதவுக் கம்பியை அழுத்தினாள். பஸர் கத்தியது. கையை எடுத்தாள். நின்றது.

காலையிலிருந்து இதே வேலை.

கோவையில், மறதி நோய் வந்த முதியவர்களுக்கான இல்லம். அதன் வாசல் கதவுக்கு மென்பொருள் எழுதியவள் அவள்.

தீயணைப்பு அதிகாரி சொன்னது: கதவு எப்போதும் உள்ளிருந்து திறக்க வேண்டும்.

இல்லப் பொறுப்பாளர் லோகநாயகி சொன்னது: திறக்கவே கூடாது.

"ரெண்டு பக்கமும் ஞாயம் இருக்குதுங்க மேடம். நீங்களே பாத்து ஒண்ணாக்கிக் குடுத்துருங்க" என்றும் அவரே சொன்னார்.

ஒன்றாக்கினாள்.

கதவைப் பிடித்திருப்பது மின்காந்தம். மின்சாரம் நின்றால் பிடியும் போய்விடும். எனவே, தீப்பிடித்தால் மென்பொருளே மின்சாரத்தை நிறுத்தும்; கதவு உடனே திறக்கும். மற்ற நேரங்களில், கதவுக் கம்பியைப் பதினைந்து நொடி விடாமல் அழுத்த வேண்டும். அழுத்தியதுமே பஸர் கத்தும். திறப்பதற்குள் யாராவது ஓடி வந்துவிடுவார்கள்.

எல்லாம் ஓர் அனுமானத்தின் மேல் நின்றது. மறதி உள்ளவர் அவ்வளவு நேரம் ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்.

அதை அவள் அப்பாவிடமிருந்து எடுத்திருந்தாள். சட்டைப் பொத்தானைப் பாதியிலேயே விட்டுவிடுகிறவர். வீட்டிலிருந்து இரண்டு முறை காணாமல் போய், லாரிகள் ஓடும் சாலையில் கிடைத்தவர். போன மாதம் இங்கேதான் சேர்த்திருந்தாள்.

ஒரு கையில் லேப்டாப், மறு கையில் ஒயர் சுருள். அவள் கதவை நெருங்கியபோது, அப்பா முந்திப் போய்க் கம்பியை அழுத்தினார்.

பஸர் கத்தியது.

யாரும் வரவில்லை. காலையிலிருந்து கத்துகிற பஸர்தானே.

ஐந்து நொடி. இப்போது விட்டுவிடுவார்.

பத்து.

அவர் தோளையும் சேர்த்து வைத்து அழுத்தினார்.

லேப்டாப்பில் ஒரு விசையைத் தட்டினால் போதும், எண்ணிக்கை நின்றுவிடும்.

அவள் தட்டவில்லை.

கதவு திறந்தது. வெயில். லாரிச் சத்தம்.

அப்பா வெளியே போகவில்லை. கதவை முதுகால் தாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"கை ரெண்டுலயும் சாமான் வெச்சிருக்கீங்களே. நீங்க போங்க மேடம், நான் புடிச்சுக்கறேன்."

அவர் முகத்தையே பார்த்தாள்.

பிறகு வெளியே போனாள்.

காந்தம் பிடிக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கம்பியருகே, அடுத்து வருகிறவருக்காக அவர் காத்து நின்றார்.